மறுமொழி: ‘ஹோப்லெஸ்னெஸ்’ என்பதற்கு உளவியலில் தமிழ்ச்சொல் எது?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தற்கொலை இடர் பற்றிய ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போது ‘ஹோப்லெஸ்னெஸ்’ (hopelessness), அதாவது இனி நல்லது எதுவும் நடக்காது என்று எதிர்காலத்தைப் பற்றி எண்ணும் நிலை, என்பதற்கு எந்தச் சொல்லைக் கொள்வது என்று அம்மையார் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். நம்பிக்கையின்மை, அவநம்பிக்கை, விரக்தி, நிராசை, கையறுநிலை ஆகியவை இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அந்தக் கருத்தாக்கம் உளவியலில் ஆற்றும் பணியைச் சற்று விரிவாகப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வின் கடுமையை அளக்க 1961இல் வெளியிட்ட வினாநிரல் பலரும் அறிந்தது. அவரும் உடன் பணியாற்றியோரும் ‘ஹோப்லெஸ்னெஸ்’ என்பதை அளக்க 1974இல் மற்றோர் அளவையை வெளியிட்டனர். அதில் 20 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று விடையளிக்க வேண்டும். அனைத்தும் எதிர்காலத்தை ஒருவர் எவ்வாறு எதிர்நோக்குகிறார் என்பதைப் பற்றியவை. தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 207 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1985இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வே இக்கருத்தாக்கத்தை நிலைநிறுத்தியது. அவர்களுள் 14 பேர் பின்னாளில் தற்கொலையால் இறந்தனர். சேர்க்கையின்போது திரட்டிய தரவுகளில் அந்த இறப்புகளை முன்னுணர்த்தியவை இந்த அளவையின் மதிப்பெண்ணும், மனச்சோர்வு வினாநிரலில் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கும் ஒரே ஒரு வினாவும் மட்டுமே. மனச்சோர்வின் மொத்த மதிப்பெண் அதைச் செய்யவில்லை. அதற்காக, இம்மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 365 ஆய்வுகளை ஜோசப் ஃபிராங்க்ளின் குழுவினர் தொகுத்துப் பார்த்து, நாம் அறிந்த இடர்க்காரணிகள் தற்கொலையைத் தற்செயலான ஊகத்தைவிடச் சிறிதளவே மேலாகக் கணிக்கின்றன என்று 2017இல் காட்டினர். கட்டுரை எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். நம்பிக்கை என்னும் சொல் நம் மொழியில் கடவுள்மேல் வைப்பதையும், பிறர்மேல் வைப்பதையும், தன் திறமைமேல் வைப்பதையும் ஒருசேரக் குறிக்கிறது. கிராமத்து மூதாட்டி ஒருவரிடம் “உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்டால், “ஏன் இல்லாம, மாரியாத்தா மேல பாரத்தப் போட்டுட்டுத்தானே உக்காந்திருக்கேன்” என்பார், நேர்காண்பவரும் இடர் ஏதுமில்லை என்று குறித்துக்கொள்வார். அதே மூதாட்டியிடம் இனி நல்ல காலம் வருமா என்று கேட்டால், “எனக்கெங்க தாயி விடியப்போவுது” என்று சொல்லக்கூடும். பெக் அளக்க விரும்பியது இந்த இரண்டாவது விடையைத்தான். அவநம்பிக்கை பெரும்பாலும் பிறர்மீதான ஐயத்தையே குறிக்கிறது. விரக்தி செய்தித்தாள்களில் தேய்ந்துபோன சொல். தேர்வில் தோற்றாலும் காதலில் தோற்றாலும் அதுவே வருகிறது. நிராசை நிறைவேறாத ஆசையோடு நின்றுவிடுகிறது.

கையறுநிலையை விட்டுவிட எனக்கும் மனமில்லை. அது புறத்திணைத் துறையாக நம்மிடம் நெடுங்காலம் வாழ்ந்த சொல். ஆனால் அதற்கு வேறோர் இடம் காத்திருக்கிறது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் 1967 முதல் ஆராய்ந்த ‘ஹெல்ப்லெஸ்னெஸ்’ (helplessness) என்பது, தான் என்ன செய்தாலும் விளைவு மாறாது என்னும் எதிர்பார்ப்பு. செய்வதறியாது நிற்பதைச் சொல்லும் கையறுநிலை அதற்கு அப்படியே பொருந்தும். உளவியலாளர் லின் ஆப்ரம்சன் முதலியோர் 1989இல் அமைத்த கோட்பாட்டின்படி, நாம் சொல் தேடும் நிலையில் இரண்டு எதிர்பார்ப்புகள் இணைகின்றன: விரும்பியது நடக்காது அல்லது அஞ்சியது நடந்தே தீரும் என்பது ஒன்று, அதை மாற்றத் தன்னால் இயலாது என்பது மற்றொன்று. அதாவது, இந்நிலைக்குள் கையறுநிலை அடங்கும். கையறுநிலை மட்டுமே இந்நிலை ஆகிவிடாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இக்கோட்பாட்டைத் தமிழில் எழுதவே முடியாது.

ஆகவே ‘விடிவு’ என்பதிலிருந்து தொடங்கலாம் என்கிறேன். விடிவுகாலம், விடிவே இல்லை, விடிமோட்சம் இல்லை என்றெல்லாம் மக்கள் சொல்லும்போது எதிர்காலமும் துன்பத்தின் முடிவும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. பெக்கின் கூற்றுகளுள் ஒன்றும் எதிர்காலம் இருண்டு தெரிவதைப் பற்றியதே. ‘விடியாமூஞ்சி’ என்ற வசையின் நிழல் படியுமே என்று சிலர் தயங்கலாம். ஈழத்தமிழர் வழக்கில் விடிவு என்பதற்கு அரசியல் பொருள் ஏறியிருப்பதும் உண்மையே. இவ்விரண்டும் பெரிய தடைகள் என்று நான் கருதவில்லை.

பெரிய தடை வேறு. ‘விடிவின்மை’ என்று மட்டும் எழுதினால், அவருக்கு உண்மையிலேயே விடிவு இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். நோயாளியைப் பற்றி எழுதும் குறிப்பில் “இவரிடம் விடிவின்மை மிகுதி” என்று ஒரு மருத்துவர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெக் பேசியது ஒருவரின் எண்ணத்தைப் பற்றி. அந்த எண்ணம் மாறக்கூடியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 120 பேரிடம் கிரகரி பிரவுன் குழுவினர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், பத்து அமர்வுகள் கொண்ட அறிதல்முறைச் சிகிச்சை (எண்ணப் போக்கை மாற்ற உதவும் உளச்சிகிச்சை) பெற்றவர்களுள் 24 விழுக்காட்டினரே பதினெட்டு மாதங்களுக்குள் மீண்டும் முயன்றனர்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் அது 42 விழுக்காடு. ஆறாம் மாதத்தில் அளந்தபோது, சிகிச்சை பெற்றோரிடம் இந்த எண்ணமும் குறைவாகவே இருந்தது. எனவே ‘விடிவின்மை எண்ணம்’ என்று ‘எண்ணம்’ என்பதைச் சேர்த்தே வழங்க வேண்டும் என்பது என் உறுதியான முன்மொழிவு. விடிவின்மை எண்ண அளவை, விடிவின்மை எண்ணக் கோட்பாடு என்று அது இடரின்றி விரியும். உளவியலாளர் தாமஸ் ஜாய்னரின் தற்கொலைக் கோட்பாட்டில், தான் பிறருக்குப் பாரம் என்று ஒருவர் கருதிக்கொள்வதற்கும் இதே முறையில் ‘சுமையெண்ணம்’ என்று அமைக்கலாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

மாற்றுக்கருத்து உள்ளோர் எழுதுங்கள். மனநலப் பிரிவுகளில் தமிழில் நேர்காணல் செய்வோரிடமிருந்தும், ஈழத்து நண்பர்களிடமிருந்தும் ஒன்றை அறிய விழைகிறேன்: “எனக்கு விடிவில்லை” என்று உங்களிடம் சொல்பவர்கள் எந்தச் சொற்களால் அதைச் சொல்கிறார்கள்?