குடும்பக் குழு: பெரியண்ணன் முட்டியும் லிஃப்ட் பாஸும்

கார்த்தி: பனிச்சறுக்கு மலையில் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸ் இன்று இரவுக்குள் எடுத்தால்தான் தள்ளுபடி. யார் யார் சறுக்கப் போகிறீர்கள், யார் வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறீர்கள், உடனே சொல்லுங்கள்.

மீனா: நான் வேடிக்கை

அருண்: நான் சறுக்கு. எல்லா நாளும்.

வித்யா: நிலாவுக்குக் குழந்தைகள் பாஸ். எனக்கும் ஒன்று.

சுந்தரம்: எனக்கும் ஒன்று போடு.

லலிதா: எதற்கு?

சுந்தரம்: சறுக்கத்தான்.

லலிதா: மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போகிறார். இன்று காலையும் பார்த்தேன். இவருக்கு எதற்குப் பாஸ்?

சரவணன்: அண்ணி சொல்வது சரி

சுந்தரம்: படி வேறு, பனி வேறு. முட்டியைப் பிடித்துக்கொள்ளும் பிரேஸ் மாட்டிக்கொண்டால் போதும். நான் இளவயதிலிருந்து சறுக்குகிறவன்.

சரவணன்: எந்த பிரேஸ்

சுந்தரம்: உன்னுடையதுதான். என் அலமாரியில் இருக்கிறது.

சரவணன்: அது உங்களிடமா இருக்கிறது! வீடு முழுக்கத் தேடினேன் அண்ணா. மீனாதான் எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீனா: என்னையா???

மீனா: சின்ன அண்ணாவுக்கு எது தொலைந்தாலும் நான்தான்

தேவி: பெரியப்பா, அப்பாவின் பிரேஸை நீங்கள் போடவே கூடாது. இப்போது நோயாளி இருக்கிறார், கொஞ்ச நேரத்தில் விவரமாக எழுதுகிறேன். அதுவரை யாரும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அருண்: மாமா, ரோபாட் கால் இருக்கிறது தெரியுமா! ரோம் ரோபாட்டிக்ஸ் என்று ஒரு நிறுவனம் செய்தது. முதுகுப்பையில் காற்றழுத்தக் கருவி, தொடையில் காற்றுப்பை. நாம் முட்டியை மடக்கும்போது அது தாங்கிக்கொள்ளும். வீடியோ அனுப்புகிறேன்.

சுந்தரம்: அனுப்பு அனுப்பு

லலிதா: அருண், நீ வேறு ஏற்றிவிடாதே.

கார்த்தி: அப்பா, உண்மையைச் சொல்லுங்கள், இப்போது வலி எப்படி இருக்கிறது?

சுந்தரம்: காலையில் கொஞ்சம் இறுக்கம். நடந்தால் சரியாகிவிடும்.

லலிதா: போன முறை பனியில் விழுந்ததை மூன்று நாள் மறைத்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் மலைக்குப் போனவர்தானே. முட்டி வீங்கி பேன்ட் கழற்ற முடியாதபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் சொல்லும் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

சுந்தரம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: என்ன எழுதி அழித்தீர்கள் அண்ணா

சரவணன்: போன முறை நான் பார்க்கவே இல்லையே. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான்தானே நின்றேன்.

மீனா: சின்ன அண்ணா, அதை இப்போது எடுக்க வேண்டாம்

கார்த்தி: சித்தப்பா, அதற்காகத்தான் இந்த முறை உங்களைக் கேட்ட பிறகுதான் தேதியே போட்டேன்.

சரவணன்: சரி சரி. சொன்னேன், அவ்வளவுதான்.

தேவி: வந்துவிட்டேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தேவி: முதலில் அப்பாவின் பிரேஸ். அவருக்கு வலது முட்டியில் பக்கவாட்டு ஜவ்வு கிழிந்தபோது கொடுத்தது. இரண்டு பக்கமும் உலோகக் கீல் இருக்கும். முட்டி பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. பெரியப்பாவுக்கு வலி இடது முட்டியில், காரணம் தேய்மானம். கால் வேறு, அளவு வேறு, நோயும் வேறு. அதை மாட்டினால் வழுக்கிக் கீழே இறங்கும், கீல் முட்டியின் மடிப்புக்கு நேராக நிற்காது. அப்படி விலகி நின்றால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் தப்பான இடத்தில் அழுத்தும்.

சரவணன்: அப்போ எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

தேவி: அடுத்தது. பெரியப்பா, வலி சரியாக எங்கே? உட்கார்ந்து ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் எங்கே வைப்பீர்கள்?

சுந்தரம்: உள்பக்கம். அடுத்த முட்டியைப் பார்த்திருக்கும் பக்கம்.

தேவி: முட்டிச் சிப்பிக்கு அடியில், முன்பக்கத்தில் வலிக்கிறதா?

சுந்தரம்: இல்லை.

லலிதா: படி இறங்கும்போது முன்னாலும் தேய்த்துக்கொள்கிறார்

தேவி: இது முக்கியம் பெரியம்மா, சொன்னது நல்லது. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதற்கென்றே ஒரு பிரேஸ் உண்டு, அன்லோடர் என்பார்கள். தொடையில் ஒரு பிடி, கெண்டைக்காலில் ஒரு பிடி, முட்டியின் பக்கத்தில் ஓர் அழுத்தம், ஆக மூன்று இடத்தில் தள்ளிப் பாரத்தைத் தேய்ந்த பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்குக் கொஞ்சம் மாற்றிவிடும். உள்பக்கத் தேய்மானத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று, இடது வலது எல்லாம் தனித்தனி. சிப்பிக்கு அடியில் தேய்ந்திருந்தால் இது பெரிதாக உதவாது. அதனால் எக்ஸ்ரே பார்க்காமல் வாங்கக் கூடாது. நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுத்து எடுத்ததில் பாரம் ஏறாது, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது.

மீனா: நான் போடும் துணி நீகேப் போதாதா

தேவி: அத்தை, அந்த உறை சூடு தரும், இதமாக இறுக்கும், முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு நன்றாக இருக்கும். நிறைய பேருக்கு வலியும் குறைகிறது. பனியில் அந்தச் சூடே பெரிய உதவி. ஆனால் அது பாரத்தைத் தாங்காது, விழும்போது முட்டி முறுக்கிக்கொண்டால் ஜவ்வைக் காப்பாற்றாது. அதைப் போட்டுக்கொண்டு தைரியம் ஏறி வேகமாகப் போவதுதான் எனக்குப் பயம்.

அருண்: அக்கா, ரோபாட்?

தேவி: அருண், அது நிஜமான யோசனைதான், கிண்டல் செய்ய மாட்டேன். மின்சாரம் இல்லாமல் ஸ்பிரிங்கில் வேலை செய்வதும் இருக்கிறது, ஸ்கீ மோஜோ என்று. இடுப்புப் பட்டையிலிருந்து காலோடு இறங்கி சறுக்குக் காலணியில் மாட்டிக்கொள்ளும். குனிந்து சறுக்கும்போது ஸ்பிரிங் அழுந்தி உடம்பின் எடையில் ஒரு பங்கை நேராகக் காலணிக்கு இறக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு வரை குறையும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். தொடை சீக்கிரம் சோர்ந்துபோகிறவர்களுக்கும் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறவர்களுக்கும் நல்ல துணை. ஆனால் விழும்போது முட்டி முறுக்குவதை அதுவும் தடுக்காது. பழகவும் நேரம் வேண்டும், மலையில் முதல் நாள் மாட்டிப் பார்க்கிற பொருள் இல்லை.

சுந்தரம்: அப்போ இதுவும் இல்லை, அதுவும் இல்லை. வீட்டிலேயே உட்கார் என்கிறாய்.

தேவி: அப்படிச் சொல்லவே இல்லை பெரியப்பா! நீங்கள் போக வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சுந்தரம்: நிலாவுக்கு நான்தான் சறுக்கக் கற்றுத் தருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் தினமும் போனில் கேட்கிறாள்.

வித்யா: ஆமாம் மாமா, தாத்தாவோடுதான் போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

கார்த்தி: அப்பா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே

மீனா: அண்ணா :(

தேவி: பெரியப்பா, ஒன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. நீங்கள் தனியாக ஒரு சுலபமான சரிவில் இறங்குவதைவிடக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் முட்டிக்குக் கஷ்டம். அவள் முன்னால் நின்று, இரண்டு சறுக்குப் பலகையையும் முக்கோணமாக வைத்துக்கொண்டே பின்னோக்கி மெதுவாக இறங்க வேண்டும். அந்த நிலையில் தொடைத் தசைக்கு ஓய்வே கிடையாது, முட்டி உள்பக்கமாக இழுபடும், உங்களுக்கு வலிக்கிற அதே பக்கம். அவள் விழும் ஒவ்வொரு முறையும் குனிந்து தூக்கிவிட வேண்டும். கற்றுக்கொடுப்பதைப் பயிற்சிப் பள்ளியிடம் விடுங்கள். அவள் தானாக நிற்கப் பழகிய பிறகு பக்கத்தில் சேர்ந்து இறங்குங்கள். அவள் நினைவில் வைத்துக்கொள்ளப் போவது அதைத்தான்.

லலிதா: இதை நான் ஒத்துக்கொள்கிறேன்

சுந்தரம்: யோசிக்கிறேன்.

சரவணன்: அண்ணன் யோசிக்கிறேன் என்று சொல்லி இப்போதுதான் பார்க்கிறேன்

மீனா: அது இருக்கட்டும், அறை எப்படிப் பிரிக்கிறோம்? சின்ன அண்ணாவின் குறட்டைக்குப் பக்கத்து அறைகூட வேண்டாம் எனக்கு

சரவணன்: எனக்குக் குறட்டையே கிடையாது

அருண்: சின்ன மாமா, என்னிடம் பதிவு இருக்கிறது

அருண்: (குரல் பதிவு)

வித்யா: ஐயோ அருண்!

கார்த்தி: அறையை அப்புறம் பார்ப்போம். தேவி, பிரேஸ் கிடைத்தால் அப்பா போகலாமா, கூடாதா? ஒரே வரியில்.

தேவி: ஒரே வரியில் முடியாது அண்ணா.

மீனா: தெரியும்

தேவி: பிரேஸ் கடைசி வேலை. முதல் வேலை தொடைத் தசை. சறுக்கும்போது முட்டிக்கு வரும் அதிர்வை வாங்குவது அதுதான். கிளம்புவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, போதுமான நேரம். நிலையான சைக்கிள் மிதிப்பது, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது, தாழ்வான படியில் ஒரு காலை மெல்ல இறக்கி வைப்பது. சுவரில் சாய்ந்து உட்காருவதும் நல்லது, ஆனால் ரொம்பக் கீழே போக வேண்டாம், ஆழமாக மடக்கினால் சிப்பிக்கு அழுத்தம் கூடும். அப்புறம் எடை. முட்டி தேய்ந்தவர்களை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் ஏறும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. எந்த பிரேஸையும்விட இது பெரிய உதவி.

லலிதா: கேட்டுக்கொள்ளுங்கள்

தேவி: மலையில் எப்படி என்றால், காலையில் சமப்படுத்தி வைத்திருக்கும் சரிவில் மட்டும். மேடு பள்ளம் வேண்டாம். மதியத்துக்கு மேல் பனி இளகிக் கனமாகிவிடும், பலகை அதில் சிக்கினால் முறுக்கு முழுவதும் முட்டிக்குத்தான் போகும். அகலமான பலகை வேண்டாம், கெட்டியான பனியில் ஓரத்தை ஊன்ற முட்டிதான் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். இன்னும் ஒரு தடவை போய் வரலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள், சோர்ந்த காலில்தான் விபத்து.

கார்த்தி: காலணியைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங்கைத் தளர்த்தி வைக்கச் சொல்லட்டுமா?

தேவி: நம் இஷ்டத்துக்கு வேண்டாம். கடையில் உயரம், எடை, வயது, காலணி நீளம், எப்படிச் சறுக்குவார் என்பதை எல்லாம் கேட்டு அட்டவணைப்படி வைப்பார்கள். 50 வயது ஆகிவிட்டால் ஒரு படி குறைத்து வைக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. அதனால் பெரியப்பா வயதைக் குறைத்துச் சொல்லக் கூடாது! ஒன்று மட்டும், பைண்டிங் கழன்றுகொள்வது கெண்டைக்கால் எலும்பு முறியாமல் காக்கத்தான் அதிகம் உதவும். முட்டிக்குள் இருக்கும் குறுக்கு ஜவ்வை அதை நம்பி விட முடியாது.

அருண்: அப்போ விழுந்தால் என்ன செய்வது

தேவி: நல்ல கேள்வி, இது உனக்கும்தான். பின்னால் சாய்ந்து விழப்போகும் நேரத்தில் எழுந்துவிடப் போராடும்போதுதான் குறுக்கு ஜவ்வு அறுகிறது. இடுப்பு முட்டியைவிடக் கீழே போய், பாரமெல்லாம் கீழ்ச்சரிவுப் பக்கத்துப் பலகையின் வால் பகுதியில் விழும், அது முட்டியை உள்ளே திருப்பிவிடும். விழுகிறோம் என்று தெரிந்தால் விழுந்துவிட வேண்டும். கைகளை முன்னால் வை, காலை நீட்டி விறைக்காதே, சறுக்கல் முழுவதும் நின்ற பிறகுதான் எழுந்திரு. அமெரிக்காவில் மலை ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில் கடுமையான முட்டிக் காயம் 62 சதவீதம் குறைந்தது, 1995இல் வந்த ஆய்வு.

அருண்: இதை சேமித்துவிட்டேன்

மீனா: முட்டி மாற்றியவர்கள்கூடச் சறுக்குகிறார்களாமே தேவி? பெரிய அண்ணா பேசாமல் அதைச் செய்துகொண்டால்?

சுந்தரம்: கத்தி வேண்டாம்.

தேவி: சறுக்குகிறார்கள் அத்தை. சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முட்டி மாற்றியவர்களை 12 வாரம் வழிகாட்டிகளோடு சறுக்க வைத்துப் பார்த்தார்கள், கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்கள்தான் அதில் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு அந்தப் பேச்சே இப்போது தேவையில்லை. முட்டி பூட்டிக்கொண்டு நிற்கிறதா, திடீரென்று மடங்கி விட்டுவிடுகிறதா, நடந்த மறுநாள் வீங்குகிறதா, இவைதான் எனக்குத் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர்.

சுந்தரம்: பூட்டிக்கொள்ளவில்லை. விட்டுவிடவும் இல்லை.

தேவி: வீக்கம்?

சுந்தரம்: எப்போதாவது.

லலிதா: போன வாரம்

கார்த்தி: அப்பா, நாளைக்கே மருத்துவரிடம் நேரம் வாங்குகிறேன்.

சுந்தரம்: சனிக்கிழமை பார்ப்போம்.

கார்த்தி: பாஸை என்ன செய்ய? முழுப் பாஸா, ஆரம்ப நிலைச் சரிவுக்கு மட்டுமா?

வித்யா: ஆரம்பச் சரிவுக்கு மட்டும் அங்கேயே போய் வாங்கலாம் என்று போட்டிருக்கிறதே?

கார்த்தி: அப்படியானால் அப்பாவுக்கு இப்போது எடுக்கவில்லை. மருத்துவர் சொன்ன பிறகு பார்க்கலாம்.

சுந்தரம்: தள்ளுபடி போய்விடும்.

லலிதா: போகட்டும்

தேவி: பெரியப்பா, வலி மாத்திரை போட்டுக்கொண்டு சறுக்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள். வலிதான் நமக்கு எச்சரிக்கை, அதை அமுக்கிவிட்டால் எப்போது நிறுத்துவது என்றே தெரியாது.

சுந்தரம்: சரிம்மா.

லலிதா: தேவி, இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்

தேவி: அப்புறம், அளவு எடுத்து அனுப்புங்கள். சிப்பியின் நடுவில் ஒரு சுற்று, அங்கிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடையில் ஒன்று, 15 சென்டிமீட்டர் கீழே கெண்டைக்காலில் ஒன்று. பிரேஸ் தோலின் மேலோ மெல்லிய உள்ளாடையின் மேலோதான் போட வேண்டும், தடித்த துணி மேல் போட்டால் நழுவும். அதன் கீழ் விளிம்பு சறுக்குக் காலணியின் மேல் விளிம்பில் இடிக்கக் கூடாது, காலணிக்குள் போகவும் கூடாது. அதனால் வாங்குவதற்கு முன் காலணியோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும். பாதம் மரத்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

சரவணன்: அண்ணா, சனிக்கிழமை நானும் கூட வருகிறேன்

சுந்தரம்: வா. உன் பிரேஸையும் எடுத்துக்கொள்.

மீனா: அறை???

கார்த்தி: அத்தை, நாளைக்கு.

சுந்தரம்: (படம்)

சுந்தரம்: 41, 54, 39. லலிதாதான் அளந்தாள்.

தேவி: பெரியப்பா, படத்தில் பேன்ட் போட்டிருக்கிறீர்களே. பேன்ட் மேலேயா அளந்தீர்கள்?

லலிதா: குளிர்கிறதாம்