ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இகுவானா பெட்டி: சூடு, வெளிச்சம் – பார்த்ததைச் சொல்லுங்க

லவ்டேல்காரன்:
நான் பார்த்த ஒரு இகுவானா (ஓணான் மாதிரி பெரிய வளர்ப்புப் பல்லி) பெட்டி. தெர்மோஸ்டாட் டிஸ்ப்ளேயில் 14 டிகிரி. டெம்பரேச்சர் கன்னை உள்ளே காட்டினால் 44. மூன்றடி பிளைவுட் பெட்டி, வெளிப்பக்கம் தெர்மோகோல், 150 வாட் செராமிக் ஹீட்டர் (வெளிச்சம் இல்லாம சூடு மட்டும் தரும்), எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட். வேலையில் குறையே இல்லை. சென்சாரை மட்டும் செலோ டேப்பில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த ஈரத்தில் டேப் விட்டு, வயர் ஓட்டை வழியாக சென்சார் வெளியே வந்து தொங்குது. அது டிசம்பர் மாத அறைக் குளிரை அளந்து அளந்து ஹீட்டரை ராத்திரி பூரா நிறுத்தவே விடலை. இகுவானா வாயைப் பிளந்துகிட்டு தண்ணிச் சட்டிக்குள்ளே கிடந்தது. பிழைச்சிடுச்சு.
சென்சாரை கேபிள் கிளிப் வைத்து ஸ்க்ரூ போடுங்க.

கோத்தகிரி_தேயிலை:
டேப்பை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தெர்மோஸ்டாட்டுக்குள்ளே கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கிட்டாலும் இதே கதிதான், அப்போ கிளிப் காப்பாத்தாது. ஹீட்டருக்குப் போற ஃபேஸ் வயரை இரண்டு தெர்மோஸ்டாட் வழியாக வரிசையாகக் கொண்டுபோங்க. முதலாவது பகலில் 30, ராத்திரி 25. இரண்டாவது 36-ல், வெறும் கட்-ஆஃப். இரண்டுக்கும் தனித்தனி சென்சார். ஒன்று ஒட்டிக்கிட்டாலும் மற்றது அறுத்துவிடும். பேஸ்கிங் பல்பை (அது வெயில் காய்வதற்கான சூட்டு பல்பு) இந்த லைனில் சேர்க்காதீங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைஞ்சு எரியும். அதுக்கு டிம்மர், டைமர், 12 மணி நேரம். பல்புக்குக் கீழே கடப்பா கல் துண்டு. கல் மேலே 35 முதல் 38 வரும்வரை பல்பை ஏற்றி இறக்குங்க. டயல் வெச்ச ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்பாதீங்க, அது ஒட்டின சுவரின் சூட்டைத்தான் காட்டும்.

வட்டக்கானல் மூடுபனி:
செராமிக் ஹீட்டரை பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டியிருந்த ஒரு பெட்டி. ஹோல்டர் பாகு மாதிரி இளகி, ஹீட்டர் சரிஞ்சு பலகையைத் தொட்டுக்கிட்டு இருந்தது, பலகை கறுத்துப் போச்சு. பீங்கான் ஹோல்டர், சூடு தாங்கும் வயர், சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு. அவ்வளவுதான்.
எலும்பு உறுதிக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் தரும் யுவிபி ட்யூபுக்கு எதுக்குச் செலவு? மலை வெயில் உறைக்குமே, ஜன்னலோரம் வைத்தால் போதாதா?

லவ்டேல்காரன்:
போதாது. 2,200 மீட்டர் உயரத்தில் யுவி பலமாக இருப்பது உண்மைதான், ஆனால் ஜன்னல் கண்ணாடி யுவிபியை நிறுத்திவிடும். உள்ளே வருவது சூடும் வெளிச்சமும் மட்டும்.

குன்னூர் சில்வர் ஓக்:
இதைச் சொல்லத்தான் வந்தேன். பளபளன்னு ட்யூப் எரியுது, கீழே இகுவானா கிளையைப் பிடிக்க முடியாம விரல் நடுங்குது. தாடையை அழுத்தினால் ரப்பர் மாதிரி வளையுது. ட்யூப் நல்ல டி5 (மெல்லிய, பலமான ரகம்) தான், ஆனால் மூடியின் கண்ணாடிக்கு மேலே வெச்சிருந்தாங்க.
ட்யூப் பெட்டிக்கு உள்ளேயே, ரிஃப்ளெக்டரோடு, அது உட்காரும் கிளையிலிருந்து 30 முதல் 40 செ.மீ. தூரத்தில், பேஸ்கிங் பல்பு இருக்கும் பக்கமாகவே இருக்கணும். மெல்லிய வலைக்கு மேலே வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், தூரத்தைக் குறைக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்க, வெளிச்சம் நல்லா இருந்தாலும். சாதாரண எல்இடி பல்பில் யுவிபி கிடையாது. ராத்திரிக்குச் சிவப்பு பல்பும் வேண்டாம், இருட்டில் தூங்கட்டும்.

இன்னொன்று, யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன்: சாயங்காலம் ஊரே கீசர் போட்டால் வோல்டேஜ் 180-க்கு இறங்கும். 100 வாட் ஹீட்டர் அப்போ 61 வாட்தான் தரும். தெர்மோஸ்டாட் ஆன்லேயே கிடக்கும், சூடு ஏறாது. 150 வாட் போடுங்க. மழைக்காலக் கரண்ட் கட்டுக்கு 150 ஏஎச் பேட்டரி இன்வெர்ட்டரில் ஹீட்டரை மட்டும் விடுங்க, பல்பு வேண்டாம்.
காற்றோட்டத்துக்குக் குளிர்ப் பக்கம் கீழே, சூட்டுப் பக்கம் மேலே ஓட்டை. குளிருதேன்னு அடைச்சீங்கன்னா பூஞ்சைதான்.

கோத்தகிரி_தேயிலை:
150 வாட்டுக்கு நானும் சரி. ஆனால் இரண்டாவது தெர்மோஸ்டாட் இல்லாம போடாதீங்க.
இகுவானா சைட்டிஸ் (வனவிலங்கு வர்த்தகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு பண்ணணும். உடும்பு, பச்சோந்தின்னா பெட்டி பற்றிப் பேச்சே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வளர்க்கக் கூடாது.

வட்டக்கானல் மூடுபனி:
சரி, ட்யூப் வாங்கிடலாம். இரண்டடிப் பெட்டிக்கு 24 வாட் போதுமா?

குன்னூர் சில்வர் ஓக்:
ட்யூபுக்குப் போதும். இகுவானாவுக்கு இரண்டடி போதாது.