ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதூரா: பாறுகளையும் பழங்கற்களையும் ஒரே பயணத்தில் பார்ப்பது எப்படி?

கேள்வி: அல்சூர் ஏரிக்கரை, பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் முதல் வாரத்தில் என் தந்தையாருடன் ஸ்பெயின் நாட்டின் மேற்கு எல்லையில், போர்ச்சுகலை ஒட்டியிருக்கும் எக்ஸ்ட்ரெமதூரா பகுதிக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். மத்ரித்துக்கும் பார்சிலோனாவுக்கும் போய் வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நாட்டுப்புறப் பகுதிக்குப் போனவர் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அப்பாவுக்கு வயது 68. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து, வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழங்கட்டடங்கள் என்றால் பசி மறந்து நிற்பார். சமதரையில் நான்கு கிலோமீட்டர் நடப்பார், செங்குத்தான படிகள் மட்டும் முடியாது. சுத்த சைவம். நானோ பத்து ஆண்டுகளாக ராமநகரத்து ராமதேவர பெட்டா குன்றில் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, தேடி அலைபவன். கையில் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியை அவருக்காக மெரிதா, காசெரெஸ் நகரங்களுக்கும், மீதியை எனக்காக மோன்ஃப்ராக்வே தேசியப் பூங்காவுக்கும் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். இந்தப் பிரிவினை சரிதானா? எந்த ஊரில் தங்குவது நல்லது? ஏப்ரல் பொருத்தமான மாதம்தானா?

மறுமொழி 1: ராமநகரப் பாறை

நாட்களை அப்படிப் பிரிக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். எக்ஸ்ட்ரெமதூராவில் பறவைகள் ஓரிடத்திலும் பழங்கட்டடங்கள் வேறோரிடத்திலும் இல்லை. மெரிதாவில் ரோமானியர் கட்டிய லாஸ் மிலாக்ரோஸ் நீர்க்கால்வாய்ப் பாலத்தின் தூண்களை நிமிர்ந்து பார்த்தால், கருங்கல்லும் செங்கல்லும் மாறி மாறி அடுக்கிய அந்தத் தூண்களின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கும். நாரைக்குக் குரல் கிடையாது. இணை திரும்பி வந்ததும் கழுத்தை முதுகின்மேல் வளைத்து அலகுகளை அடித்து ஒலி எழுப்பும். கீழே நின்று கேட்கும்போது கோலாட்டக் குச்சிகளை யாரோ மிக வேகமாகத் தட்டுவதைப் போல இருந்தது. நீங்கள் நாரையைப் பார்க்கும் நேரம் முழுவதும் உங்கள் அப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இருவரும் நிற்பது ஒரே இடத்தில்தான்.

நான் ஒரு ஏப்ரலில் எட்டு நாட்கள் த்ருஹீயோ ஊரில் தங்கினேன். மத்ரித்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர், முழுவதும் நெடுஞ்சாலை. அங்கிருந்து காசெரெஸ் முக்கால் மணி நேரத்திற்குள். மோன்ஃப்ராக்வே ஒரு மணி நேரத்திற்குள். ஊரின் காளைச்சண்டை அரங்கத்து ஓடுகளுக்கு அடியில் லெஸ்ஸர் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறுகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தின் தொடக்கத்தில் திரும்பும் இப்பறவைகள் இனப்பெருக்கத்திற்கு நம்பியிருப்பது பழைய ஓட்டுக் கூரைகளையும் தேவாலயச் சுவர்ப் பொந்துகளையும்தான். கூரையைச் செப்பனிடும்போது பொந்துகளை அடைத்துவிட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மோன்ஃப்ராக்வேயைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தாஹோ நதி ஒரு மலைத்தொடரை அறுத்துக்கொண்டு செல்லும் இடத்தில், சால்தோ தெல் ஹிதானோ என்ற பார்வைமேடை சாலையோரத்திலேயே இருக்கிறது. அப்பா ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. எதிரே ஆற்றிலிருந்து நேராக எழும் பெரும்பாறையில் கிரிஃபன் பாறுகள் வாழ்கின்றன. முதல் நாள் நான் நம் ஊர்ப் பழக்கத்தில் விடியற்காலையிலேயே போய் நின்றுவிட்டேன். வெகுநேரம் ஒரு பறவைகூட இறக்கையை அசைக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே காலை எட்டு மணி அளவில்தான் சூரியன் எழும். பாறை சூடாகி வெப்பக்காற்று மேலெழுந்த பிறகுதான் பாறுகள் கிளம்பும். அவை கிளம்பியபோது நம் கண்மட்டத்திலேயே, இறகுகளின் நுனி விரல்களைப் போலப் பிரிந்து வளைவது தெரியும் அளவுக்கு அருகில் வந்து திரும்பின. காற்றை அறுக்கும் இரைச்சல்கூடக் கேட்டது. ராமநகரத்தில் தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரிந்ததையே பெரும்பேறாக எண்ணிப் பழகிய எனக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

அதே பாறையின் இடுக்குகளில் கருநாரை கூடு கட்டுகிறது. கரும்பாறு வேறு வகை. அது பாறையில் அல்லாமல் மரத்தின் உச்சியில், பெரும்பாலும் தக்கை ஓக் மரங்களில் கூடு அமைக்கும். இறக்கை விரிப்பு இரண்டரை மீட்டரைத் தாண்டும் இப்பறவையின் உலகிலேயே மிகப் பெரிய குடியிருப்புகளுள் ஒன்று இப்பூங்கா. ஐபீரியத் தீபகற்பத்தில் மட்டும் வாழும் ஸ்பானிய இம்பீரியல் கழுகைப் பார்க்க, போர்த்தியா தெல் தியேத்தார் என்ற இன்னொரு மேடையில் பொறுமையாக அமர வேண்டும்.

இவ்வளவும் தப்பிப் பிழைத்ததே பெரிய செய்தி. 1970களில் காகிதக் கூழுக்காக இம்மலைச்சரிவுகளை மழித்து யூகலிப்டஸ் நட்டார்கள். கோலார்ப் பக்கத்துத் தைலமரத் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் கீழ் எது முளைக்கும், எது முளைக்காது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஹெசூஸ் கார்சோன் போன்ற இயற்கை ஆர்வலர்கள் விடாமல் போராடியதால் 1979இல் இது இயற்கைப் பூங்காவாகவும், 2007இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பிற்பாடு அந்தத் தைலமரங்களில் பெரும்பகுதியை வெட்டி நீக்கினார்கள்.

மறுமொழி 2: கல்லும் கதையும்

உங்கள் தந்தையாருக்காக எழுதுகிறேன். மெரிதாவைக் கி.மு. 25இல் பேரரசர் அகஸ்டஸ், ஓய்வு பெற்ற படைவீரர்களைக் குடியமர்த்துவதற்காக நிறுவினார். எமெரிதா அகஸ்டா என்ற அதன் பழம்பெயரிலேயே அந்த ஓய்வு பெற்றோர் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெருந்தொகையானவை இதே அகஸ்டஸும் அவருக்குப் பின் ஆண்ட திபேரியஸும் வெளியிட்டவை. கொங்கு நாட்டு மண்ணிலிருந்து எடுத்த காசில் இருக்கும் முகத்துக்கு உரியவரின் ஊரில் நிற்கிறோம் என்று உங்கள் தந்தையாரிடம் சொல்லிப் பாருங்கள். குவாதியானா ஆற்றின் மேல் ஏறக்குறைய 800 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரோமானியப் பாலம் இன்று நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது, முற்றிலும் சமதரை. ரோமானிய அரங்கில் கோடைகாலத்தில் இன்றும் நாடகங்கள் நடக்கின்றன. அதற்கு அருகிலேயே ரஃபாயேல் மொனேயோ வடிவமைத்து 1986இல் திறக்கப்பட்ட தேசிய ரோமானியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. உயர்ந்த செங்கல் வளைவுகளின் ஊடே வெளிச்சம் விழும் அந்தக் கூடத்திற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போர்ச்சுகல் எல்லைக்கு அருகில் அல்காந்தரா என்ற சிற்றூரில், பேரரசர் டிராஜன் காலத்தில் தாஹோ நதியின் குறுக்கே ஆறு வளைவுகளுடன் எழுப்பிய பாலம் ஒன்று உண்டு. போர்களில் சில வளைவுகள் இடிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்டிருந்தாலும், தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகள் மூத்த அந்தப் பாலம் இன்றும் உறுதியாக நிற்கிறது. வழி சுற்றுதான், ஆனாலும் ஆசிரியராக இருந்தவர் விட்டுவிடக் கூடாத இடம்.

த்ருஹீயோ நகரச் சதுக்கத்தின் மாளிகைகளைப் பார்க்கும்போது ஒரு செய்தியை மனத்தில் வைத்திருக்க வேண்டும். இன்கா பேரரசை வீழ்த்திய பிரான்சிஸ்கோ பிசாரோ பிறந்த ஊர் இது. குதிரை மேல் அவர் சிலை சதுக்கத்தில் நிற்கிறது. அழகிய மூலைச் சாளரங்களுக்கும் கற்சிற்பங்களுக்கும் ஆன பொருள் பெருமளவு பெருவில் கொள்ளையடித்த செல்வமே. மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்தேஸ் பிறந்த மெதெயினும் இதே பகுதியில்தான் உள்ளது. கட்டடங்களை வியப்பதோடு இதையும் சேர்த்துப் பேசும் வழிகாட்டி கிடைத்தால் அவரையே அமர்த்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கடற்பயணங்கள் நம் அடுக்களைக்கும் ஒன்றைக் கொண்டுவந்தன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த தொடக்க காலத்தில், இங்குள்ள குவாதலூபே, யூஸ்தே மடங்களின் துறவியர் அதைத் தோட்டங்களில் பயிரிட்டுப் பரப்பியதாக இப்பகுதியினர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். லா வேரா பள்ளத்தாக்கில் இன்றும் மிளகாயை வெயிலில் காயவைப்பதில்லை. ஓக் விறகின் புகையில் இரண்டு வாரம் வரை வைத்து, கையால் புரட்டி உலர்த்தி அரைக்கிறார்கள். ஒரு சிறிய தகர டப்பாவைத் திறந்தால் போதும், கிராமத்து விறகடுப்பு வீட்டின் வாசம் வரும். கிறித்தவ உலகின் மிகப் பெரிய மன்னரான ஐந்தாம் சார்லஸ் முடிதுறந்து வந்து 1558இல் இறந்தது அந்த யூஸ்தே மடத்தில்தான்.

அல்சூர் ஏரிக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அகஸ்டஸ் காசு என்றதும் எழுந்து போய்ப் பழைய குறிப்பேட்டைத் தேடத் தொடங்கிவிட்டார். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அங்கே பாறுகள் இவ்வளவு செழித்திருக்க, நம் ராமநகரத்தில் மட்டும் ஏன் விரல்விட்டு எண்ணும் நிலை? அடுத்து, சைவ உணவுக்கு என்ன செய்வது?

மறுமொழி 3: கோரமங்களாக்காரி

உணவுக்கு நான் சொல்கிறேன், நானும் சைவம்தான். பன்றியிறைச்சிக்குப் பெயர் பெற்ற நாட்டுப்புறம் அது. காய்கறி என்று எழுதியிருக்கும் உணவில்கூட இறைச்சித் துண்டு கிடக்கும், மிகாஸ் என்னும் ரொட்டித்தூள் வறுவலிலும் அப்படியே. கேட்டு உறுதி செய்யாமல் வாயில் வைக்காதீர்கள். சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதே அப்பாவுக்கு நிம்மதி. சந்தையில் அரிசி, கொண்டைக்கடலை, தக்காளி, கீரை, தயிர் எல்லாம் கிடைக்கும். தோர்த்தா தெல் கசார் என்ற செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை மறக்காமல் சுவைக்கச் சொல்லுங்கள். மரபான பல பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பார்கள். இதில் பால் உறைவதற்கு ஒருவகை முட்செடியின் பூவைப் பயன்படுத்துகிறார்கள். மேல் தோலை மூடிபோல வெட்டித் திறந்தால் உள்ளே குழைந்த பதத்தில் இருக்கும். சற்றே கசப்பு உண்டு. இரவு உணவுக்கு உணவகங்கள் ஒன்பது மணி அளவில்தான் திறக்கும் என்பதால் பெரியவரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கார் இல்லாமல் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பது கடினம். உங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிடுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகும் வரை முதல் நாள் நெடுந்தொலைவு வேண்டாம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் உங்கள் நாட்களில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் அறை கிடைப்பது அரிது.

மாதம் சரியானதுதான். ஹெர்தே பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செர்ரி மரங்கள் மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையே ஏதோ இரண்டு வாரங்களில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஜெயநகர்த் தெருக்களில் தபேபுயா பூப்பதைப் போலவே, நாளை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெருங்கொக்குகளை மட்டும் நீங்கள் பார்க்க முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை வட ஐரோப்பாவிலிருந்து வந்து, நெல் அறுத்த வயல்களில் சிந்திய மணியையும் ஓக் கொட்டைகளையும் தின்று குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ச்சுக்குள் திரும்பிவிடுகின்றன.

மறுமொழி 4: ராமநகரப் பாறை

பாறுகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் அவை அழிந்ததற்கு முதன்மைக் காரணம் மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து. அம்மருந்து உடலில் தங்கிய மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடை செய்தது. எல்லாம் தெரிந்த பின்பும் ஸ்பெயின் 2013இல் அதே மருந்தைக் கால்நடைகளுக்கு அனுமதித்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நம்முடைய இழப்பே போதுமான பாடமாக இருந்திருக்க வேண்டும்.

எக்ஸ்ட்ரெமதூராவில் பாறுகளுக்கு இரை கிடைப்பதற்கு அடிப்படை அங்குள்ள தெயேசா என்னும் நிலமுறை. தொலைவிலிருந்து பார்த்தால் காடு போலத் தோன்றும். உண்மையில் அது மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேணிவரும் மேய்ச்சல் தோப்பு. ஓக் மரங்களை இடைவெளி விட்டு வளர்த்து, கிளைகளைக் கழித்து, அடியில் புல்லை வளரவிட்டு, ஆடு, மாடு, பன்றிகளை மேய்க்கிறார்கள். தக்கை ஓக்கின் பட்டையை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடாரியால் உரித்தெடுப்பார்கள், மரத்துக்குக் கேடில்லை. புதிதாக உரித்த மரத்தின் அடிப்பகுதி செம்மண் குழைத்துப் பூசியதைப் போல நிற்கும். மேய்ப்பவர்கள் ஊரைவிட்டுப் போனால் சில ஆண்டுகளில் புதர் மண்டி, புல்வெளியை நம்பிய உயிர்கள் அகன்றுவிடும். அதனால் ஒரு நாளையாவது இப்படிப்பட்ட ஒரு பண்ணையில், மேய்ப்பவரோடு நடப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. காசெரெசை அடுத்த மல்பார்த்திதாவில் லாஸ் பார்ருவேக்கோஸ் என்ற இடத்தில், நீர்நிலையின் கரையில் ராமநகரத்தைப் போன்றே உருண்ட கருங்கற்பாறைகள் கிடக்கின்றன. பல பாறைகளின் தலையில் நாரைக்கூடு. பாதை பெரும்பாலும் சமமானது. மாலை ஏழு மணிக்கு மேல் போங்கள். எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், கூட்டுக்குத் திரும்பும் நாரைகள் அப்பாவின் தலைக்கு மேலேயே இறங்கும்.