கழிமுகத் தரையில் நண்டு, இறாலை சோனாரில் பின்தொடர உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கழிமுகத் தரையில் வாழும் சிறு நண்டு, இறால், உளுவை மீன்கள் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தோடு எப்படி இடம் மாறுகின்றன என்று பார்த்து வருகிறேன். தண்ணீர் ஒரே கலங்கல், கேமராவில் ஒரு சாண் தூரம்கூடத் தெரியவில்லை. அதனால் 1.8 மெகாஹெர்ட்ஸ் இமேஜிங் சோனாரை (ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைப் படமாக்கும் கருவி) ஒரு சட்டத்தில் பொருத்தி, தரையை நோக்கிச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், சேற்றுத் தரையும் எதிரொலிக்கிறது. ஒவ்வொரு படத்திலிருந்தும் பல பிரேம்களின் சராசரியைக் கழித்தால் நடக்கும் நண்டு பளிச்சென்று வருகிறது, பின்னால் அதன் நிழல்கூட (நண்டு ஒலியை மறைப்பதால் எதிரொலி வராத இடம்) நீளமாக விழுகிறது. ஆனால் அது சற்று நேரம் அசையாமல் இருந்தால் சராசரியோடு கரைந்துவிடுகிறது. நீரோட்டம் வேகமெடுத்தால் இன்னும் மோசம்: அடித்து வரும் சருகு எது, இறால் எது என்று பிரிக்க முடியவில்லை.

நின்றுவிட்ட நண்டை நிழலை வைத்தே தொடர்ந்து பிடிக்க முடியுமா? சோனாரை எத்தனை டிகிரி சாய்த்தால் நிழல் தெளிவாக விழும்? அப்புறம், உப்புத்தன்மை மாறும்போது ஒலி வேகத்தையும் திருத்துகிறீர்களா? நன்னீருக்கும் கடல்நீருக்கும் சுமார் 3 சதவீத வித்தியாசம், சோனார் ஒலி வேகத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிடுவதால், அதாவது 3 மீட்டரில் 9 சென்டிமீட்டர் பிழை. விரல் நீள இறாலுக்கு அது பெரிய பிழை.

இதைச் செய்து பார்த்தவர்கள், தோற்ற அனுபவமாக இருந்தாலும் சரி, தயவுசெய்து எழுதுங்கள்.