பிறந்த ஊர்: ஹட்டன்

பந்தலூரிலிருந்து ஒருவர்:

வாக்காளர் பட்டியல் வேலையாகச் சேரம்பாடிப் பக்கம் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போயிருந்தேன். நல்ல மழை. ஒரு பாட்டி உள்ளே கூப்பிட்டுச் சாயத்தண்ணி கொடுத்தார். பிறந்த ஊர் கேட்டேன். "ஹட்டன்." இலங்கை மலையகத்தில் இருக்கும் தேயிலை ஊர். சுவரில் இருந்த படம் அவர் தங்கையாம்.

"நாங்க இந்தியாவுக்கு எழுதினோம். அவ வீட்டுக்காரர் சிலோனுக்கே எழுதிட்டார்." குடியுரிமை கேட்டு மனுப் போட்டதைச் சொல்கிறார்.

சுதந்திரம் வந்த கையோடு, 1948இல், இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், பிரிட்டிஷ் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. ஆளைக் கேட்டா போட்டார்கள்?

தங்கை மாத்தளைப் பக்கம் இருந்தாள். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். தமிழர் ஊர்தானே பாதுகாப்பு என்று கிளிநொச்சிக்கு ஓடி, காடு வெட்டிக் குடியேறினார்கள். ராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த போர் கடைசியில் அங்கேயே வந்தது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி ராணுவத்தின் கைக்குப் போனது. அப்புறம் ஊர் ஊராகக் கிழக்கே நகர்ந்து, மே மாதம் முள்ளிவாய்க்கால் கடற்கரை. தங்கை, மருமகன், இரண்டு பேரன்கள் அங்கேயே முடிந்தார்கள். மகள் மட்டும், போரில் தப்பியவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து போன் செய்தாளாம்.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கிய சட்டம், பல்கலைக்கழக இடங்களில் தமிழ் மாணவரைப் பாதித்த தரப்படுத்தல், 83 ஜூலையில் தமிழர் மீது நடந்த படுகொலை என்றுதான் அந்தப் போரின் காரணங்களைப் படித்திருக்கிறேன். எல்லாம் சரி. ஆனால் மலையகத்துப் பெண் கிளிநொச்சி இருக்கும் வடக்கு வன்னியில் குண்டுக்கு நடுவே நின்றதற்குக் கணக்கு 1948இலிருந்து வருகிறது.

கோத்தகிரியிலிருந்து:

என் அம்மா, இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போகிறவர்களைக் கொண்டுபோன தலைமன்னார் ரயிலை 'அழுகைக் கோச்சி' என்பார். பாதிக் குடும்பம் பெட்டியில், பாதி பிளாட்பாரத்தில். மாமாவும் பிற்பாடு வன்னிப் பக்கம் வவுனியா போனவர்தான். 83க்குப் பிறகு கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அதில் மாமா உண்டா இல்லையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா திதி கொடுக்க விடமாட்டார்.

அந்த மகள் இப்போதும் பேசுகிறாளா?

பந்தலூர்:

தீபாவளிக்குப் பேசுவாளாம். பாட்டிக்குக் காது மந்தம். "சாப்பிட்டியா" என்று இவர் கேட்க, "சாப்பிட்டேன் பெரியம்மா" என்று அவள் கத்த, அதிலேயே கார்டு தீர்ந்துவிடுமாம்.