ஆன்லைனில் வாங்கிய ரைஃபிள் டீலருக்குப் போகாமல் வீட்டுக்கே வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஓஹையோக்காரன்

வணக்கம். இருப்பது ஓஹையோ, கிரீன் கார்டு. டெக்சாஸில் உள்ள ஓர் ஆன்லைன் கடையில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குப் பணம் கட்டி, இங்குள்ள எஃப்எஃப்எல் (கூட்டாட்சித் துப்பாக்கி உரிமம்) டீலரின் உரிம நகலையும் சேர்த்தே அனுப்பியாயிற்று. இன்று மதியம் பெட்டி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வெளி அட்டையைப் பிரித்த பிறகுதான் என்னவென்று தெரிந்தது. உள்ளே கம்பெனிப் பெட்டியின் ஒட்டு பிரியவில்லை. துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவம் எழுதவே இல்லை. கடைக்குப் போன் செய்தால் ரெக்கார்டிங்தான் பேசுகிறது.

நானே டீலரிடம் எடுத்துப் போகலாமா, திருப்பி அனுப்பிவிடலாமா, போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா? எஃப்-1 விசாவில் படிக்கும் தம்பி இதே வீட்டில்தான் இருக்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவேடு

உள்பெட்டியைத் திறக்காதீர்கள். வெளி லேபிள், டிராக்கிங் நம்பர், உள்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் மூன்றையும் படம் எடுங்கள். பெட்டியைப் பூட்டுள்ள அலமாரியில் வைத்து, சாவியை உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேபிளைக் கிழிக்க வேண்டாம். அதில் அச்சாகியிருக்கும் முகவரிதான் தவறு யார் பக்கம் என்று காட்டும்.

அடுத்தது கடைக்கு மின்னஞ்சல், இன்றைக்கே. போனில் சொன்னாலும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆர்டர் எண், டிராக்கிங் எண், வந்து சேர்ந்த நேரம், "உள்பெட்டி திறக்கப்படவில்லை, என் டீலருக்குப் போக வேண்டியது வீட்டுக்கு வந்திருக்கிறது, எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?" இவ்வளவு போதும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் தேவையில்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அனுப்பிய துப்பாக்கி டீலரிடம் சேரவில்லை என்று கடைக்குத் தெரியவந்து, வழியில் தொலைந்தது என்று அவர்கள் முடிவுகட்டினால், 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் (துப்பாக்கி உரிமங்களைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) உள்ளூர் போலீஸுக்கும் சொல்லியாக வேண்டும். அதற்கென்றே 3310.11 என்று ஒரு படிவம் உண்டு. அப்புறம் அந்த சீரியல் நம்பர் தொலைந்த துப்பாக்கிகளின் பட்டியலில் ஏறிவிடும், துப்பாக்கியோ உங்கள் அலமாரியில் இருக்கும். உங்கள் மின்னஞ்சல் முந்திக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

சட்டம் என்று பார்த்தால் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிவு 922. உரிமம் பெற்ற கடை வேறு மாநிலத்தில் இருக்கும் உரிமம் இல்லாதவருக்கு நேராக அனுப்பக்கூடாது. வெளிமாநிலத்தில் வாங்கியதை உரிமம் இல்லாதவர் தன் மாநிலத்தில் நேராகப் பெறவும் கூடாது. ஆனால் பெறுபவர் மீது குற்றம் நிற்க, தெரிந்தே வேண்டுமென்று செய்தார் என்று காட்ட வேண்டும். வாசலில் கிடந்த பெட்டியை எடுத்து உள்ளே வைத்ததற்கும், என்னவென்று தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கவுண்டர்பக்கம்

டீலர் தரப்பிலிருந்து சொல்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குள் நுழையாதீர்கள். முதலில் போன் செய்து, "உங்கள் பெயருக்கு வர வேண்டிய ரைஃபிள் என் வீட்டுக்கு வந்துவிட்டது, கொண்டுவந்தால் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். தனிநபர் கையிலிருந்து வாங்கவே மாட்டேன் என்று விதி வைத்திருக்கும் டீலர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை.

சரி என்றால் ஆர்டர் ரசீது, உள்ளே கடையின் உரிம நகல் இருந்தால் அது, லேபிளோடு கூடிய வெளி அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வண்டியில் பெட்டி டிக்கிக்குள், வழியில் வேறெங்கும் நிற்காமல். தோட்டா வாங்கி வைத்திருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

டீலர் தன் வரவு செலவுப் பதிவேட்டில் (எந்தத் துப்பாக்கி வந்தது, யாருக்குப் போனது என்று எழுதும் ஏடு) தயாரிப்பாளர், மாடல், சீரியல், காலிபர், யாரிடமிருந்து வந்தது என்று எழுத வேண்டும். தலைவலி பிடித்த இடம் அந்தக் கடைசிக் கட்டம்தான். டெக்சாஸ் கடையின் ஏட்டில் இந்த டீலர் பெயருக்குச் செலவு எழுதியிருப்பார்கள். டீலர் ஏட்டில் உங்கள் பெயர் வரவாக ஏறினால் இரண்டு ஏடும் ஒட்டாது. பின்னால் ஒரு நாள் வெஸ்ட் வர்ஜீனியா மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள தடமறியும் மையம் அந்த சீரியலைத் தேடினால் இரண்டு கடைக்கும் கேள்வி வரும். அதனால் எப்படி எழுதுவது என்பதை டீலரே தன் பகுதி ஏடிஎஃப் ஆய்வாளரிடம் கேட்டுவிட்டு எழுதட்டும். அதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

பெட்டியை ஒப்படைத்ததும் தேதி, சீரியல், டீலரின் உரிம எண், கையெழுத்து எல்லாம் உள்ள ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அதன் பிறகு எல்லாம் வழக்கம்போல: 4473, வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கும் நிக்ஸ் சோதனை, சரியானால் கையில் ரைஃபிள். உடனே பதில் வராமல் தள்ளிவைத்தால் சட்டப்படி 3 வேலை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். மறுத்தால் துப்பாக்கி டெக்சாஸ் கடைக்கே திரும்பும்.

திருப்பி அனுப்புவதைப் பற்றி: நீங்களே பெட்டி கட்டி அனுப்பாதீர்கள். உரிமம் இல்லாதவர் உரிமம் உள்ளவருக்கு அனுப்புவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லைதான். ஆனால் யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் ஒப்பந்தம் போட்ட உரிமதாரர்களிடம் மட்டுமே துப்பாக்கி எடுக்கின்றன. உள்ளே என்ன என்று மறைத்துக் கொடுத்தால் அதுவரை குற்றம் இல்லாத இடத்தில் நீங்களே ஒன்றைச் சேர்க்கிறீர்கள். கடைதான் தன் கணக்கில் ஏற்பாடு செய்து ஆள் அனுப்ப வேண்டும். அப்படி யாராவது வருவதாகப் போன் வந்தால், ரசீதில் அச்சாகியுள்ள எண்ணுக்கு நீங்கள் திருப்பி அழைத்து உறுதி செய்த பிறகே பெட்டியைக் கொடுங்கள்.

விசாமூலை

தம்பி விஷயத்தை யாரும் தொடவில்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் கனமானது.

எஃப்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே பிரிவு 922 தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. 'வைத்திருப்பது' என்றால் கையில் பிடிப்பது மட்டுமில்லை. எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி இருந்தாலே கணக்கில் வரலாம். ஆகவே சாவி தம்பிக்கு எட்டக்கூடாது, பெட்டியைத் தூக்கவோ காரில் ஏற்றவோ அவனைக் கூப்பிடவும் கூடாது.

உங்களுக்கும் ஒன்று. குடியுரிமை இல்லாதவர் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடுகடத்தும் நடவடிக்கைக்கு அதுவே போதும். கடை நாளைக்குள் பதில் தராமல், டீலரும் கைவிரித்தால், குடியேற்றமும் தெரிந்த கிரிமினல் வக்கீலிடம் பேசிவிட்டு, அவர் வழியாகவே ஏடிஎஃப் அலுவலகத்துக்கோ போலீஸின் அவசரமில்லா எண்ணுக்கோ சொல்லுங்கள். பெட்டியோடு காவல் நிலையத்துக்குள் நடந்து போவது வேண்டவே வேண்டாம்.

குறிபார்

ஒரு சந்தேகம். சோதனை எப்படியும் பாஸ் ஆகத்தான் போகுது, காசும் கட்டியாச்சு. பேசாம வச்சுக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?

பதிவேடு

கடைக்குத் தெரியும், கூரியருக்குத் தெரியும், டெலிவரி பதிவில் முகவரியும் இருக்கும். டீலர் ஏட்டில் வரவு இல்லாத ஒரு சீரியல் கடை ஏட்டில் செலவாக நிற்கும், அடுத்த ஆய்வில் கேள்வி வரும். அப்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பை ஓஹையோக்காரர் இந்தப் பதிவிலேயே இழந்துவிட்டார்.

பழையஇரும்பு

இதைத் தேடி வருபவர்களுக்கு: வீட்டுக்கு வந்த எல்லாமே தவறு இல்லை. பேரல் (குழல்), ஸ்டாக் (பிடிக்கட்டை), மேகசின் (தோட்டாக் கூடு) வெறும் உதிரி பாகம். சட்டப்படி துப்பாக்கி என்பது சீரியல் நம்பர் உள்ள ரிசீவர் அல்லது ஃப்ரேம்தான் (சுடும் பொறி அமரும் நடு உடல்), அது தனியாக வந்தாலும் சரி. ஏர் ரைஃபிளும் 1898 அல்லது அதற்கு முன் செய்த பழங்காலத் துப்பாக்கியும் கூட்டாட்சிச் சட்டத்தில் 'துப்பாக்கி' ஆகாது. பழுதுபார்க்கக் கொடுத்த உங்கள் சொந்தத் துப்பாக்கி வீட்டுக்கே திரும்பலாம். சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவருக்கு 50 வயது கடந்த துப்பாக்கிகள் வீட்டுக்கு வருவது வழக்கம். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் இதிலும் கெடுபிடி மாறும்.

சைலன்ஸர் வந்திருந்தால் கதை வேறு. உங்கள் பெயருக்கு மாற்ற ஏடிஎஃப் அனுமதிக்கும் 4ஆம் எண் படிவம் அனுமதியாகவில்லை என்றால் அது பதிவில்லாத பொருள். தொடாமல் முதலில் வக்கீலைக் கூப்பிடுங்கள். இல்லினாய், மாசசூசெட்ஸ், நியூயார்க் போல வைத்திருக்கவே மாநில அட்டையோ உரிமமோ கேட்கும் இடங்களில் கைத்துப்பாக்கி வந்தாலும் அப்படியே. டீலரிடம் எடுத்துப்போகும் பயணமே அங்கே சிக்கலாகலாம்.

ஓஹையோக்காரன்

நன்றி எல்லோருக்கும். டீலர் நாளைக் காலை 10 மணிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். இப்போது கடையிலிருந்தும் மின்னஞ்சல் வந்திருக்கிறது: "4473 படிவத்தை அனுப்புகிறோம், கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும், ரைஃபிளை வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

கவுண்டர்பக்கம்

கையெழுத்துப் போடாதீர்கள். இப்படி வெளிமாநிலத்துக்கு விற்கும்போது 4473ஐ டீலரின் கடையில் அவர் முன்னால் நேரில் நின்றுதான் எழுத முடியும். டெக்சாஸ் கடை ஓஹையோக்காரருக்கு ரைஃபிள் விற்கலாம், ஆனால் நீங்கள் அங்கே நேரில் போயிருந்தால்தான். தபாலில் முடிக்கும் வழி இல்லை. "நாளை 10 மணிக்கு என் டீலரிடம் ஒப்படைக்கிறேன், அவர் எண் இது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டுவிட்டு, அந்த மின்னஞ்சலை அச்செடுத்து டீலரிடம் கொடுங்கள். ஆய்வாளரிடம் பேசும்போது அவருக்கு உதவும்.