குதிகால் ஆபரேஷனுக்குப் பிறகு வெளிப்பக்கம் எரிச்சல்: பிளேட்டை எடுத்தால் போகுமா?

சாரக்காரன்:
சாரத்திலிருந்து விழுந்து வலது குதிகால் எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து ஏழெட்டு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். ஆனால் தழும்பிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரே எரிச்சல், பாதி இடம் மரத்துக் கிடக்கிறது, போர்வை பட்டாலே கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கிறது. வலி மாத்திரை கேட்கவில்லை. பிளேட்டை எடுத்தால் சரியாகும் என்கிறார் மச்சான். யாருக்காவது இப்படி இருந்ததா?

பிசியோ அக்கா:
தம்பி, அது சூரல் நரம்பு போகிற பாதை. வெளிப்பக்கம் எல் வடிவில் கீறிப் பிளேட் வைக்கும்போது கீறலின் இரண்டு முனையிலும் இந்த நரம்பு பக்கத்திலேயே இருக்கும், இழுபட்டிருக்கலாம், இல்லை தழும்போடு ஒட்டியிருக்கலாம். தழும்பு ஓரமாக விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், ஒரு புள்ளியில் மட்டும் சுண்டுவிரலுக்குச் சுரீர் என்று ஓடினால் அந்த இடத்தை டாக்டரிடம் காட்டுங்கள். சாதாரண வலி மாத்திரை நரம்பு வலிக்குப் பெரும்பாலும் எடுபடாது, கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று அதற்குத் தனி மருந்துகள் உண்டு. சர்க்கரை இருக்கிறதா?

மாடிப்படி:
அண்ணே, பிளேட்டை எடுக்க அவசரப்படாதீங்க. பெரும்பாலும் அதே கீறலைத்தான் திறப்பார்கள், நரம்புக்கு மறுபடியும் ஆபத்து. எனக்கு வலி உள்பக்கம், கணுக்காலுக்குக் கீழே நரம்பு நுழைகிற இடம் எலும்பு விலகியதால் குறுகிப்போய் உள்ளங்கால் முழுக்க எரிச்சல், ராத்திரியில் தூக்கமே கிடையாது. அல்ட்ராசவுண்டில் பார்த்து அந்த நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு வலி காணாமல் போனதால் நரம்புதான் காரணம் என்று தெரிந்தது, அப்புறம்தான் ஆபரேஷன் செய்து இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். இப்போது முக்கால்வாசி பரவாயில்லை. ஊசிக்கு வலி அசையவில்லை என்றால் குதிகாலுக்கு மேலே உள்ள மூட்டுத் தேய்மானமாகவோ பிளேட் உரசலாகவோ இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

சாரக்காரன்:
சர்க்கரை இல்லை அக்கா. தழும்பின் கீழ் முனையில் தட்டினால் சுரீர் என்கிறது. ஊசியும் மருந்தும் கேட்கவில்லை என்றால்?

பிசியோ அக்கா:
ஒட்டலிலிருந்து நரம்பைப் பிரித்துவிடுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் நரம்பை வெட்டி முனையைத் தசைக்குள் புதைப்பதுண்டு. அந்த இடம் மரத்தே இருக்கும், ஆனால் சூரல் உணர்ச்சி நரம்பு என்பதால் காலின் பலம் குறையாது. அதெல்லாம் கடைசிக் கட்டம். இப்போதைக்குத் தினமும் பஞ்சு, அப்புறம் துணி, பழகியதும் முரட்டுத் துண்டு என்று தோலில் தடவிப் பழக்குங்கள். பிரிகாபலின் ஆரம்பித்தால் தூக்கமும் தலைசுற்றலும் வரலாம், அந்த நாட்களில் சாரம் ஏறாதீர்கள், மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பாதம் முழுக்க வீங்கி, நிறம் மாறி, ஒரு கால் மட்டும் வியர்த்தாலோ சூடாகவோ சில்லென்றோ இருந்தாலோ உடனே காட்டுங்கள், அது வேறு விதமான சிக்கல்.

மாடிப்படி:
போகும்போது பழைய சி.டி. ஸ்கேன் படத்தையும் எடுத்துட்டுப் போங்க அண்ணே, ரிப்போர்ட் மட்டும் போதாது.